சங்குமுனைப் பெயர்வெளி

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் அழிப்பதில்லை. அப்படி ஒரு பொத்தானே கிடையாது. கரைநாட்டு ஆவண மாற்று ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று இதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன். அழிக்காமலேயே ஒரு ஆளை இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பது லூர்து கனி வந்து கண்ணாடியைத் தட்டிய நாளில்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு பிறந்த தேதியை மாற்றுவது, செத்தவர் பெயரில் பட்டா போடுவது என்று பார்த்துச் சலித்துப்போன கரைநாட்டு மக்கள் ஒரு வழியாகக் கைபடாச் சட்டம் கொண்டுவந்தார்கள். குடிமக்களின் ஆவணத்தை எந்த மனிதக் கையும் திருத்தக் கூடாது. ஊறுகாய் பாட்டிலில் 'கைபடாமல் தயாரித்தது' என்று போட்டிருப்பார்களே, அதே கதைதான். எங்கிருந்து வரும் ஆவணமும் ஒரு நடைதாள் வழியாகத்தான் உள்ளே நுழையும். நடைதாள் என்றால் வேறொன்றுமில்லை, விதிகளின் தொகுப்பு. இந்தக் குறிச்சொல்லைக் கண்டால் இப்படி எழுது, அந்தக் குறிச்சொல்லைக் கண்டால் அப்படி எழுது என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது. அது எழுதியதுதான் உண்மை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாமே அதைத்தான் படிக்கும்.

ஒருவருக்காக மட்டும் நடைதாளை மாற்ற முடியாது. ஒரு விதி மாறினால் நாட்டில் உள்ள அத்தனை பேரின் ஆவணமும் மறுபடி அதன் வழியாகப் போய்வர வேண்டும். நல்ல சட்டம்தான். நல்ல சட்டங்கள்தான் மனிதரை ரொம்பப் படுத்துகின்றன.

அந்த நடைதாளைப் பராமரிக்கிற வேலை எனக்கு. பெயர் அங்கயற்கண்ணி. முன்கோபக்காரி என்று அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்தவள்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு இறங்கிவந்தபோது விசாரணை இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் நின்று அதன் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். இயந்திரம் சளைக்காமல் 'உறவு பதிவாகவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"யக்கா, இந்தப் பொட்டிகிட்டப் பேசிப் பேசி வாய் வலிக்கு. உள்ள மனுசரு யாராவது இருக்கியளா, இல்லியா?"

"நான் இருக்கேன். என்ன விஷயம்?"

விஷயம் இதுதான். லூர்து கனி சங்குமுனைத் தீவுக்காரி. போன வருடம் கடலுக்குள் போன தனிநாட்டுத் தீவு அது. அவர்களுக்கென்று சொந்தப் பதிவேடு இருந்தது. தீவு மூழ்கியதும் மக்களையெல்லாம் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து நம் கரையில் முகாமில் வைத்தார்கள். அவர்களின் ஆவணங்களும் நடைதாள் வழியாக உள்ளே வந்தன. லூர்து கனிக்கு நான்கு வயதில் செலின் என்று ஒரு மகள்.

"காய்ச்சல்னு தூக்கிட்டு ஓடுனப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. நல்லாத்தான் பாத்தாவ. காய்ச்சல் விட்டுட்டு, கூட்டிட்டுப் போவோம்னு போனா, தாய் யாருன்னு மெசினு கேக்கு. நான்தாம்னேன். ஒனக்குப் புள்ளையே இல்லேங்கு. உறவில்லாப் புள்ளன்னு எழுதி காப்பகத்துல கொண்டு வச்சிட்டாவ. வார வெள்ளிக்கெழம வேற யாருக்கோ தத்து குடுக்கப் போறாவளாம். நான் பெத்த புள்ளக்கா!"

அவளை மேலே என் இருக்கைக்கு அழைத்துப்போய் அவளுடைய ஆவணத்தைத் திறந்தேன். அழிந்துபோகவெல்லாம் இல்லை. முழுவதும் இருந்தது. ஒரே வரியாக.

'லூர்து கனி செலின் சங்குமுனை ஓ பாசிட்டிவ் வலை பின்னுதல் இருதயம்.'

அவ்வளவுதான். எது பெயர், எது ஊர், எது ரத்தம் என்று சொல்லும் குறிச்சொற்கள் ஒன்றுகூட இல்லை. செலின் என்பது மகளா, படகா, பக்கத்து வீட்டுக்காரியா என்று அந்த வரியிலிருந்து எந்த இயந்திரமும் கண்டுபிடிக்க முடியாது. இருதயம் என்பது அவள் கணவன் பெயர் என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நான் அதை ஏதோ இதய நோய் என்று நினைத்துவிட்டேன்.

சோதனைப் பிரிவிலிருந்து நூருல் அமீனைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரப் பையன், திருமணமாகி இரண்டு பிள்ளைகள்.

"சங்குமுனை ஆவணங்களை நாங்க சோதிச்சோமே மேடம். எல்லாம் சரியா வந்துச்சே!"

"எதை வெச்சு சோதிச்சீங்க?"

"அவங்க ஆவணத்தை வெச்சுத்தான். தலையை வெட்டிட்டு."

எங்கள் அலுவலகத்தின் பழக்கம் இது. ஆவணங்களின் மேல் வரிகள் நீளமாக இருக்கும், திரையை அடைத்துக்கொள்ளும். அதனால் மாதிரிக்கு எடுக்கும் ஆவணத்தின் மேல் வரிகளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சோதிப்பார்கள். யார் தொடங்கிவைத்தார்களோ, எனக்கு முன்னால் இருந்தே நடக்கிறது. பல் விளக்குவது மாதிரி யோசிக்காமல் செய்வார்கள்.

"அந்தத் தலையில என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"ஏதோ இணைய முகவரி மாதிரி ஒண்ணு..."

"அதுதான்யா பெயர்வெளி. இதுக்குக் கீழ வர்ற ஒவ்வொரு குறிச்சொல்லும் சங்குமுனைப் பதிவேட்டுக்குச் சொந்தம்னு சொல்ற அறிவிப்பு. நம்ம நடைதாள் 'மகள்'ங்கற குறிச்சொல்லைத் தேடுது. எந்த வீட்டைச் சேர்ந்ததுன்னு சொல்லாத மகளை. இவங்க ஆவணத்துல இருக்கிறது சங்குமுனை வீட்டு மகள். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெஷினுக்கு ரெண்டும் வேற வேற ஆள்."

"அப்படின்னா எர்ரர் காட்டியிருக்கணுமே?"

"எதுக்குக் காட்டணும்? பொருந்துற விதி இல்லேன்னா அது சண்டைக்கு வராது. குறிச்சொல்லை விட்டுட்டு உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் கொட்டிட்டுப் போயிட்டே இருக்கும். நீங்க தலையை வெட்டினதும் சங்குமுனை மகள் நம்ம வீட்டு மகள் ஆயிட்டா. சோதனை பாஸ். நிஜ ஆவணத்துக்குத் தலை இருந்துச்சு."

அமீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "எத்தனை பேருக்கு மேடம் இப்படி?"

"தீவு மொத்தத்துக்கும். முகாம்ல சோறு போடறதுக்கு ஆவணம் பாக்கறதில்ல. அதனால இன்னும் யாருக்கும் தெரியல."

இணை இயக்குநர் குஞ்சிதபாதத்திடம் போனேன். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாமல் பேசுவார், எதையும் கோப்பில் ஏறுகிற மாதிரியே பேசுவார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சின்ன வேலைதானம்மா. பெயர்வெளியே பாக்காதே, குறிச்சொல் மட்டும் என்னன்னு பாருன்னு நடைதாள்ல எழுதிடு. எல்லாத்தையும் உரிச்சுட்டு உள்ள விடு. நாளைக்கே குழந்தை அம்மாகிட்ட போயிடும்."

எங்கள் தொழிலில் அவசரக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி அது.

"அப்படி உரிச்சா அவங்க சங்குமுனைப் பதிவேட்டுல இருந்தவங்கங்கற தடயமே எங்கயும் இருக்காது சார். முறையா செய்யலாம். நடைதாளோட தலையில சங்குமுனைப் பெயர்வெளியை ஒரு வரி அறிவிச்சிட்டா போதும்."

"தடயம் இருக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்." அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "கடல் தீர்ப்பாயத்தோட விதி உனக்குத் தெரியுமா? மூழ்கிப்போன நாட்டோட பதிவேட்டை எந்த ஒரு அரசாவது தன்னோட குடிமக்கள் ஆவணத்துல அறிவிச்சுட்டிருக்கற வரைக்கும் அந்த நாடு சட்டப்படி உயிரோட இருக்கு. அதைச் சுத்தியுள்ள கடலும் அதுக்குத்தான். யாரும் அறிவிக்கலேன்னா கடல் பக்கத்துல இருக்கற நிலத்துக்குப் போயிடும்."

"பக்கத்துல இருக்கற நிலம் நாம."

"நாமதான். அதனால அந்த வரி ஒரு குடிமகன் ஆவணத்துலகூட வரக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. அதுவுமில்லாம, எதை அறிவிக்கப் போறே? தீவே இல்லம்மா. அந்த முகவரிக்குப் போய்ப் பாரு, தண்ணிதான் இருக்கு."

"பெயர்வெளிக்கு அந்த முகவரியில ஒண்ணுமே இருக்க வேண்டியதில்ல சார். அது வெறும் பேரு. வேற யாருக்கும் வைக்காத பேரா இருந்தா போதும்."

அவர் மேசை நாட்காட்டியைத் தட்டிக் காட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள உனக்குக் குழந்தை வேணுமா, பேர் வேணுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை என்று தோன்றியது. குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். லூர்து கனி கம்பிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே பிள்ளைகள் விளையாடுகிற நேரம். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி இவளைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தாள். கோபத்தில் இருக்கிறாள் என்று நன்றாகவே தெரிந்தது.

இருக்கிறபடி எல்லாவற்றையும் சொன்னேன். உரித்துவிட்டால் பிள்ளை வரும், ஆனால் சங்குமுனை என்று ஒன்று இருந்ததற்குச் சட்டத்தில் இடமிருக்காது, கடல் கரைநாட்டுக்குப் போய்விடும் என்றேன்.

"புள்ளைய வாங்கித் தாங்கக்கா," என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தீவா வந்து எனக்கு அம்மான்னு கூப்பிடப் போவுது?"

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு கடைசிக் கப்பலுக்கு ஆளு ஏத்திவிடப் போனவரு திரும்பல. அங்கனதான் கெடக்காரு. அந்தத் தண்ணிய யாருக்கு எழுதி வைப்பியோ வச்சிக்கிடுங்க. புள்ள போதும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, என் மேலும் இல்லை. மேல் வரியை வெட்டிவிட்டுச் சோதனை செய்தது எங்கள் அலுவலகம். அந்தத் தப்பைத் திருத்துவதற்கு விலையாகப் பிள்ளையா, புருஷன் கிடக்கிற கடலா என்று இவளைக் கேட்பதா? என்ன நியாயம் இது? இரண்டையும் வாங்கித் தருவது என்று அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டே முடிவு செய்தேன். கடல் கிடைக்காவிட்டாலும் பிள்ளை மட்டும் தவறக் கூடாது.

மறுநாள் காலை குஞ்சிதபாதத்தின் முன்னால் போய் நின்றேன்.

"உரிக்கறது ஆபத்து சார். வேற நாட்டு ஆவணங்களும் நம்மகிட்ட ஓடுது, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். நடைதாள்ல மட்டும் சங்குமுனையை அறிவிக்கிறேன். நடைதாள் நம்ம உள்வேலைக்கான கருவி, குடிமக்கள் ஆவணம் இல்ல. சங்குமுனை மகளை அடையாளம் கண்டுபிடிச்சு, வெளியே எழுதறப்ப நம்ம மகளா எழுதிடும்."

அவர் யோசித்தார். கலந்துவிடும் என்று நான் சொன்னது உண்மைதான், அது அவருக்கும் தெரியும். உத்தரவைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'வெளிவரும் ஆவணத்தில் எந்தக் குறிச்சொல்லும் சங்குமுனைப் பெயர்வெளியைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது.' கையெழுத்துப் போட்டார்.

அந்த உத்தரவை நான் எழுத்துக்கு எழுத்து மதித்தேன். விதிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். சங்குமுனைத் தாய் நம் தாயானாள், சங்குமுனை மகள் நம் மகளானாள். ஒரு குறிச்சொல்கூடத் தீவுக்குச் சொந்தமாக வெளியே போகவில்லை.

ஆனால் நடைதாளை எழுதுகிற இந்த மொழிக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நடைதாளின் தலையில் எந்தப் பெயர்வெளியை அறிவித்தாலும், அது எழுதித் தள்ளும் ஒவ்வொரு ஆவணத்தின் தலையிலும் அந்த அறிவிப்பு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றால், 'இந்தப் பெயரை வெளியே விடாதே' என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். ஒழுங்கானவர்கள் எழுதுவார்கள். நானும் இத்தனை வருடங்களாக ஒழுங்கானவள். விரல் பழக்கத்தில் அந்த வரியை எழுதிக்கூட விட்டேன். ஒரு முறை படித்துப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒப்புதல் கூட்டம். சட்டத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். அமீன் லூர்து கனியின் புது ஆவணத்தைத் திரையில் போட்டான். வெட்டாமல், முழுதாக. அவனுக்குப் பாடம் ஆகியிருந்தது. மேல் வரிகள் திரையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆறேழு அறிவிப்புகளுக்கு நடுவில் அந்த ஒன்றும் இருந்தது. அமீன் அதைப் பார்த்துவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"என்னங்க இது, பக்கம் முழுக்கக் குப்பை?" என்றார் சட்டத்துறைக்காரர். "ஆள் எங்க இருக்காங்க, அதைக் காட்டுங்க. எனக்கு அடுத்த கூட்டம் இருக்கு."

"தலையை வெட்டிட்டுக் காட்டுப்பா, எப்பவும் போல," என்றார் குஞ்சிதபாதம்.

அமீன் ஒரு கணம் தயங்கினான். பிறகு வெட்டினான்.

"தாய், லூர்து கனி. மகள், செலின். குறிச்சொல் எல்லாம் நம்மதுதானே? சரி," என்று சொல்லி அதிகாரி எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கரைநாட்டின் எட்டுக் கோடிப் பேரின் ஆவணங்களும் புது நடைதாள் வழியாகப் போய்வந்தன. பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. நான் லூர்து கனியுடன் காப்பகத்தின் வாசலில் நின்றிருந்தேன். இயந்திரம் அவள் முகத்தைப் பார்த்து, 'தாய்' என்றது. கதவு திறந்தது.

செலின் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. வந்து நின்று, இரண்டு கைகளாலும் தாயின் தொடையில் அடித்தாள். "ஏன் வரல? ஏன் வரல?" என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். லூர்து கனி அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை குஞ்சிதபாதம் என்னைக் கூப்பிட்டார். திரையில் அவருடைய சொந்த ஆவணம் இருந்தது. ஓய்வூதிய வேலையாக எடுத்துப் பார்த்திருக்கிறார். இந்த முறை தலையோடு பார்த்திருக்கிறார்.

"இது என்ன?"

"பெயர்வெளி அறிவிப்பு சார்."

"நான் மாயவரத்துக்காரன். என் ஆவணத்துல சங்குமுனை எதுக்கு?"

"எல்லார் ஆவணத்துலயும் இருக்கு சார். உங்க உத்தரவுப்படி எந்தக் குறிச்சொல்லும் அதைச் சேர்ந்ததில்ல. பேரு மட்டும் இருக்கு."

"எடுத்துடு."

"கையால எடுக்க முடியாது, சட்டம் இருக்கு. புது நடைதாள் போடணும். விதி சேர்க்கறதுக்கு ஒப்புதல் கூட்டம் போதும், அறிவிச்சதை நீக்கறதுக்கு சட்டசபையில காரணம் சொல்லணும். 'எங்க குடிமக்கள் ஆவணத்துல அறிவிச்சிருக்கற சங்குமுனைப் பதிவேட்டை நீக்கறோம்'னு வாயால சொல்லணும். தீர்ப்பாயம் கேட்டுட்டிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

"தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சேதான் சார். அமீனுக்கு இதுல சம்பந்தமில்ல. எழுதினது நான்."

பணி இடைநீக்க ஆணையை அன்று மாலையே கொடுத்தார்கள். மேசையைக் காலி செய்தபோது யாரும் அருகில் வரவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். குஞ்சிதபாதம் மேலிடத்துக்கு என்ன எழுதினாரோ தெரியாது. ஆனால் புது நடைதாளுக்கு யாரும் சட்டசபைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கப் பழகிக்கொண்டிருந்தேன். எனக்குச் சுத்தமாகப் பொருந்தாத வேலை அது.

அந்த மாதக் கடைசியில் லூர்து கனி போன் செய்தாள்.

"யக்கா, முகாமுக்கு ஒரு தபாலு வந்திருக்கு. கடல் தீர்ப்பாயத்துல இருந்து. மேல 'சங்குமுனை அரசுக்கு'ன்னு போட்டிருக்கு. தபால்காரரு வாசல்ல நின்னுக்கிட்டு, இங்க அரசு யாருங்கன்னு கேக்காரு."

"யாரு வாங்கினது?"

"ஆம்பளையளெல்லாம் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னானுவ. யாரும் வாங்கலேன்னா திருப்பி அனுப்பிருவேன்னாரு. செலின இடுப்புல வச்சிக்கிட்டு நான் போயி, நான்தான்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். தப்பாக்கா?"

"தப்பே இல்ல கனி."

"உள்ள என்னமோ நெறைய கேட்டிருக்காவ. பதில் எழுதணுமாம். ஒங்களுக்கு வேல போயிட்டுன்னு அமீன் தம்பி சொன்னாரு." கொஞ்சம் தயங்கினாள். பின்னால் செலின் எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க அரசாங்கத்துல இப்பம் நான் ஒருத்திதான் இருக்கேன். நீங்களும் வாறியளா?"

முகாமுக்கு எந்த பஸ் என்று கேட்டேன்.